வாக்கியமும் குறியீடும்: உரைசார் நிரலாக்கத்தில் நிரற்கூறுகளின் பெயர்கள்

கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். அதனை மனிதர் படித்தறியும் உரையாகவும் எழுதுதல் வேண்டும் என்னும் கொள்கை 'லிட்டரேட் புரோகிராமிங்' எனப் பெயர்பெற்றது. அதனை உரைசார் நிரலாக்கம் எனலாம். இம்முறையில் நிரல் சிறு கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கூறும் ஒரு பெயர் பெறுகிறது. வாக்கியமாக இருந்த அப்பெயர் குறியீடாக மாறிய வரலாறு மொழிபெயர்ப்பாளருக்கும் பயன் தருவதாகும்.

1. வாக்கியமாகிய பெயர்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு க்னூத் தாம் உருவாக்கிய 'வெப்' என்னும் முறையை 1984இல் கட்டுரையாக வெளியிட்டார். இதில் ஒரே மூலத்திலிருந்து இரண்டு வடிவங்கள் பிறக்கின்றன. 'டாங்கிள்' இயந்திரத்திற்குரிய பாஸ்கல் நிரலைத் தருகிறது. 'வீவ்' படிப்போருக்குரிய அச்சுவடிவைத் தருகிறது. கூறுகளின் பெயர்கள் 'அட்டவணையை அச்சிடுக' என்பது போன்ற ஏவல் தொடர்களாக அமைந்தன. ஒரு முறை முழுமையாக எழுதிய பெயரைப் பிற இடங்களில் தொடக்கச் சொற்களாலும் மூன்று புள்ளிகளாலும் சுட்டலாம். டாங்கிள் பெயரை நீக்கி, அவ்விடத்தில் கூறின் உடலை வைக்கும். எனவே பெயர் படிப்போருக்கு மட்டுமே உரியது. இது அழைப்பன்று, பதிலீடே.

2. மறுபயன் பற்றிய விவாதம்

1986இல் ஜான் பென்ட்லி தம் இதழ்ப்பகுதிக்காக க்னூத்திடம் ஒரு சிக்கலை அளித்தார். ஓர் உரையில் மிகுதியாகப் பயின்றுவரும் சொற்களை எண்ணிக்கையுடன் பட்டியலிடுதல் வேண்டும். மொழியியலார் நன்கறிந்த பணி இது. க்னூத் வெப் முறையில் எழுதிய நிரலை மதிப்பிட்ட டக் மக்கில்ராய், யூனிக்ஸில் முன்னரே உள்ள சிறு கருவிகளை இணைத்து ஆறு வரிகளில் அதே பணியை முடித்துக் காட்டினார். க்னூத்தின் பெயர்கள் தம் ஆவணத்திற்குள் விளக்கம் தந்தன. அக்கருவிகளின் பெயர்களோ எங்கிருந்தும் அழைக்கத்தக்கன. படிப்பதற்கான பெயர், மீண்டும் பயன்படுத்துவதற்கான பெயர் என்னும் வேறுபாடு இங்குத் தெளிவாகிறது.

3. அழைப்பின் வருகை

நார்மன் ராம்சி உருவாக்கிய 'நோவெப்' எந்த நிரல்மொழிக்கும் பொருந்தியது. எனினும் அதுவும் பதிலீட்டு முறையே. கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தொடங்கிய 'ஆர்க்' முறையில் பின்னர்ச் சேர்ந்த 'பேபல்' பகுதி இரண்டையும் இணைத்தது. இரட்டைக் கோணக்குறிகளுக்குள் பெயரை மட்டும் எழுதினால் கூறின் உடல் அவ்விடத்தில் அமையும். பெயரையடுத்துப் பிறை அடைப்பும் இட்டால், கூறு இயங்கிப் பெறப்பட்ட விளைவு அமையும். அடைப்புக்குள் உள்ளீட்டு மதிப்புகளையும் தரலாம். பெயரிட்ட கூறுகளைப் பொதுத் தொகுப்பொன்றில் சேர்த்துப் பிற ஆவணங்களிலிருந்தும் அழைக்கலாம்.

முடிவுரை

பதிலீட்டுப் பெயரை ஆவணம் முழுவதும் ஒரே சீராக மாற்றினால் நிரல் பிழைபடாது. ஆதலின் அதனை மொழிபெயர்க்கலாம். பிற ஆவணங்கள் அழைக்கும் பெயரை மாற்றினால், மொழிபெயர்ப்பாளர் காணாத இடங்களில் நிரல் முறியும். அத்தகைய பெயரை மூலத்தில் உள்ளவாறே நிறுத்தி, அதன் பொருளை உடன்வரும் உரையில் விளக்குதலே தக்கது. முன்னர்ப் பெயர் ஆற்றிய விளக்கப் பணியை இங்கு உரையே ஏற்கிறது.