அமிலத்துக்கும் அழியாத சிவப்பு

கண்ணாடி ஸ்லைடில் தடவிய சளியின் மேல் கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியில் தீயைக் காட்டுவார்கள். ஆவி எழ வேண்டும், கொதித்துவிடக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துக் கழுவிவிட்டு 25 சதவீதக் கந்தக அமிலத்தை ஊற்றினால் மற்றதெல்லாம் வெளுத்துப் போகும். மெழுகு போன்ற மேலுறை கொண்ட, காசநோய்க் கிருமி அடங்கிய மைக்கோபாக்டீரியம் இனம் மட்டும் சாயத்தை விடாது. அப்புறம் மெத்திலீன் புளூ. நுண்ணோக்கியில் நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரியும்.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் காட்டினார். அவர் முறையில் சாயம் ஏற ஒரு நாள் பிடித்தது. கேட்டுக்கொண்டிருந்த பால் எர்லிக் உடனே வேலையில் இறங்கி, அனிலினும் அமிலமும் சேர்த்து அந்த நேரத்தைச் சுருக்கினார். அதே ஆண்டில் சீல் என்பவர் அனிலினுக்குப் பதில் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டுவந்தார். 1883இல் நீல்சன் என்பவர் அதை ஃபுக்சினோடு சேர்த்தார். இருவர் பெயராலும் சீல்-நீல்சன் முறை என்கிறோம். எர்லிக் பின்னாளில் தன் சளியிலேயே அந்தக் கிருமியைக் கண்டார். எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத இடம் அதுதான்.

ஆனால் சிவப்பு, கிருமியின் பெயரைச் சொல்லாது. தொழுநோய்க் கிருமியும் சிவக்கும். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் இவற்றின் உறவுகளும் சிவக்கும். 1968இல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில், மக்களின் சளியிலிருந்து காசநோய்க்குத் தொடர்பில்லாத மைக்கோபாக்டீரியங்களும் வளர்ந்தன. பிரித்தறிய முட்டை கலந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். பாரா நைட்ரோ பென்சோயிக் அமிலம் சேர்த்தால் காசநோய்க் கிருமி வளராது, மற்றவற்றில் பெரும்பாலானவை வளரும். இதற்கு எட்டு வாரம்வரை ஆகலாம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவந்து சளி கொடுத்தவர், மறுபடி மரவள்ளிக் காட்டுக்கு ஏறிவிடுவார். எட்டு வாரம் அவருக்கும், வீட்டில் கூடப் படுப்பவர்களுக்கும் ஆபத்தான காலம். மரபணுவைத் தேடும் சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில், காசநோய்தானா, ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்று சொல்லிவிடுகிறது. நுண்ணோக்கிக்கு ஒரு மில்லி சளியில் சுமார் 10,000 கிருமிகள் வேண்டும். சிபிநாட்டுக்குச் சில நூறே போதும்.

ஆனாலும் டப்பாவில் வெறும் எச்சில் இருந்தால் எந்தக் கருவியும் உதவாது. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமிய சளி வேண்டும். டப்பாவை நீட்டும்போதே இதைப் பொறுமையாகச் செய்து காட்ட வேண்டும்.