கொடையாக வந்த யானை, கொடையால் வளரும் கன்று

கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருந்தெருவில், பேராதனைக்கும் கடுகண்ணாவைக் கணவாய்க்கும் இடையில் அமைந்துள்ள பிலிமத்தலாவை, பித்தளை வேலைப்பாட்டுக்கும் கடலாதெனிய, லங்காதிலக விகாரைகளுக்குச் செல்லும் வழிக்குமே பெரிதும் பெயர் பெற்றது. எனினும் இலங்கையில் மனிதர் காட்டு விலங்கை எந்த நோக்கத்துடன் தம்வசம் வைத்திருந்தனர் என்பதை ஆராய்பவர் இவ்வூரை அடுத்த கிராகம என்னும் சிற்றூரில் சற்றுத் தரித்தே செல்ல வேண்டும். கண்டித் தலதா மாளிகையின் எசல பெரஹர ஊர்வலத்தில் பல பத்தாண்டுகள் பொற்பேழையைச் சுமந்து, 1986இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டு, 1988இல் இறந்த ராஜா என்னும் தந்தமுள்ள யானை, 1920களில் மட்டக்களப்பு மாவட்டத்து ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டு, கிராகம வளவுக்கு, அதாவது கண்டியப் பிரதானி ஒருவரின் குடும்ப மாளிகைக்கு வந்து, 1937இல் அங்கிருந்து மாளிகைக்குத் தானமாக அளிக்கப்பட்டது. அன்றைய வழக்கில் விலங்கே கொடைப்பொருள். கொடுத்தவருக்குப் புண்ணியமும் பெற்ற தலத்துக்குச் சிறப்பும் சேர்ந்தன, யானை தான் பிறந்த காட்டுக்குத் திரும்புவது எவர் எண்ணத்திலும் இருக்கவில்லை.

இவ்வழக்கு கண்டி மன்னர் காலத்தில் வேரூன்றியது. யானை அரசுடைமை, அதைக் கொல்வது கடுங்குற்றம், யானைப் பந்திகளை மேற்பார்வையிட கஜநாயக்க நிலமே என்ற அதிகாரி இருந்தார். காட்டில் யானை பிடிப்பதை மரபுத் தொழிலாகக் கொண்டவர் பணிக்கர் எனப்பட்டனர். ஏறாவூர்ப் பகுதியின் முஸ்லிம் பணிக்கர், தோல்வாரால் திரித்த கயிற்றைச் சுருக்கிட்டு யானையின் பின்னங்காலில் மாட்டி, மறுமுனையை மரத்தில் சுற்றிக் கட்டும் திறமைக்காக இந்தியாவிலும் அறியப்பட்டிருந்தனர். கிழக்கிலங்கைத் தமிழ் பேசும் மக்களின் கைத்திறனும் மலைநாட்டுப் பிரதானிகளின் செல்வமும் இந்த ஒரு விலங்கின் வாழ்வில் வந்து சந்தித்ததை இரு சமூகங்களின் வரலாற்று நூல்களும் இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம்.

பிரித்தானியர் ஆட்சியில் அரசுடைமை என்ற காப்பு அகன்றது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடு வெட்டப்பட, யானை பயிருக்குப் பகை என்று கருதப்பட்டு அதன் தலைக்குச் சில ஷில்லிங் வெகுமதி குறிக்கப்பட்டது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டதாக குடியேற்ற அரசின் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் பதிந்துள்ளார். 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் தனியொருவராக 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பது அக்காலத்தில் புகழாகவே பேசப்பட்டது. 1894இல் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கமும் பெரும்பாலும் வேட்டைக்காரரின் அமைப்பே. எதிர்கால வேட்டைக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற கவலையிலிருந்தே பாதுகாப்பு என்ற சொல் இங்கு முதலில் அரசியல் வலுப் பெற்றது. ராஜா தானமாக அளிக்கப்பட்ட அதே 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், விலங்கை மீண்டும் அரசின் பொறுப்பாக்கியது. கூட்டத்தைத் துரத்தி மரத்தூண் வேலிக்குள் அடைக்கும் பட்டி முறையோ அதன் பின்னரும் நீடித்து, 1950இல் பனாமுரவில் தன் கூட்டத்தை வேலிக்குள் அடையவிடாமல் எதிர்த்து நின்ற ஆண் யானை சுடப்பட்டு, நாடெங்கும் எழுந்த மக்கள் சினத்தினாலேயே முடிவுக்கு வந்தது.

பிடிப்பது நின்ற பின்னும் அநாதைக் கன்றுகள் வந்துகொண்டேயிருந்தன: கைவிட்ட கிணற்றில் விழுந்தவை, தாய் சுடப்பட்டவை, கூட்டத்தைத் தவறவிட்டவை. அவற்றுக்காக 1975 பெப்ரவரியில், றம்புக்கனையை அடுத்த பின்னவலவில், மகா ஓயாவின் அருகே 25 ஏக்கர் தென்னந்தோட்டத்தில் ஐந்து கன்றுகளோடு வனஜீவராசிகள் திணைக்களம் ஒரு புகலிடம் தொடங்கியது. கடுகண்ணாவையிலிருந்து இறங்கினால் எளிதில் சென்றடையும் இவ்விடம் 1978இல் தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களத்தின் கைக்கு மாறியது. 1984இல் அங்கேயே முதற் கன்று பிறந்தது. கண்ணிவெடியில் பாதம் இழந்த சமா போன்ற யானைகளுக்கு அது தகுந்த இல்லமே. ஆயினும் உடல் நலம் தேறிய கன்றும் அங்கேயே வளர்ந்து அங்கேயே ஈன்றது. புகலிடம் நிரந்தர வீடாயிற்று, நுழைவுச்சீட்டு அதன் வாழ்வாதாரமாயிற்று.

இதற்கு மாற்றாகவே 1995இல், பனாமுரவுக்கு வெகுதூரமில்லாத உடவளவையில், எத் அத்துரு செவண உருவானது. சிங்களத்தில் எத் என்பது யானை, அத்துரு என்பது இடைக்காலம், செவண என்பது நிழல். யானைகள் சிறிது காலம் தங்கிப் போகும் நிழல் என்று பெயரே கொள்கையை அறிவித்துவிடுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கன்றுகள் சிறு குழுக்களாக அனுமதிக்கப்பட, பராமரிப்பாளர் புனலோடு இணைத்த நீண்ட குழாயைக் கன்றின் வாயில் வைத்துப் பாலை ஊற்றுகிறார்; சில நொடிகளில் புனல் வற்றிவிட, இன்னும் வேண்டுமென்று முண்டும் கன்றைத் தடவிக்கொடுக்காமல் அப்பால் அனுப்பிவிடுவதே அங்கு முறை. பார்வையாளர் தொலைவில் உள்ள மேடையில் நிற்கலாமேயன்றித் தொட இயலாது. மனிதக் கையில் பழகிய யானை பின்னர் வயலையும் வீட்டையும் அஞ்சாது நெருங்கி உயிரிழக்கும் என்பதால், இங்கு அன்பு தன்னை அடக்கிக்கொள்வதன் வழியாகவே தொழிற்படுகிறது.

செலவின் பெரும்பகுதி பால்மா. அரசின் நிதியோடு, ஒரு கன்றின் உணவுக்குப் பொறுப்பேற்கும் வளர்ப்புப் பெற்றோர் திட்டமும், போர்ன் ஃப்ரீ போன்ற வெளிநாட்டு அறநிறுவனங்களின் உதவியும் அதைத் தாங்குகின்றன. பின்னவலவை அடுத்து 1999இல் அமைந்த மிலேனியம் யானை அறக்கட்டளை, பணியிலிருந்து ஓய்ந்த வளர்ப்பு யானைகளுக்காக வெளிநாட்டுத் தொண்டர்களின் உழைப்பையும் நன்கொடையையும் நம்பியது. அங்கு தொண்டர் யானையைக் குளிப்பாட்டவும் உணவூட்டவும் இடமுண்டு. காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்கிடம் அதற்கு இடமில்லை. பாதுகாக்கப்பட்ட விலங்கை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பதைச் சட்டம் ஏற்பதில்லை ஆதலால், காயமுற்ற தேவாங்கையோ மரநாயையோ வழியில் கண்டெடுக்கும் மலைநாட்டுவாசியின் கடமை, அதை வனஜீவராசிகள் திணைக்கள அலுவலரிடம் விரைந்து ஒப்படைப்பதோடு முடிகிறது. இங்கு தொண்டு என்பது பெரும்பாலும் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக வைத்து, பேசாமல் கொண்டுபோவதே.

ராஜாவின் பாடம் செய்யப்பட்ட உடல் இன்றும் தலதா மாளிகை வளாகத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது; அந்த யானையைக் கொடுத்த குடும்பத்தின் பெயர் நினைவுகூரப்படுகிறது. உடவளவையில் 1998இல் தொடங்கிய விடுவிப்பில் இதுவரை நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் காட்டுக்குச் சென்றுள்ளன. சேர்ந்து வளர்ந்தவை பிரியாதபடி குழுவாகவே ஏற்றப்படுகின்றன. சிலவற்றின் கழுத்தில் வானொலிப் பட்டி கட்டப்படுகிறது. அவ்வாறு சென்ற பெண் யானைகள் சில காட்டில் கன்றுகளோடு காணப்பட்டுள்ளன. அக்கன்றுகளுக்கு வளர்ப்புப் பெற்றோர் எவருமில்லை, பால்மாவும் தேவையில்லை.