தோம்பில் ஏறிய கற்கள்

ரியோ டி ஜெனீரோவின் பழைய துறைமுகப் பகுதியில், தெருவோரமாக ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. உள்ளே ஒழுங்கில்லாமல் பதித்த கற்கள். கடலைக்கூட மண் போட்டு நிரப்பித் தூரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வெய்யிலில் நெடுநேரம் நடந்து வந்த என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இவ்வளவுந்தானா?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. முதல் நாள் மலைகளையும் கடற்கரையையும் பார்த்திருந்தாள். மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த நிலக்காட்சியை யுனெஸ்கோ 2012இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தக் கற்கள் சேர்ந்தது 2017இல். இதுதான் வலோங்கு துறை. 1811இல் கட்டப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட சுமார் 9 லட்சம் பேர் இதன் வழியாகக் கரையேறினார்கள் என்பது யுனெஸ்கோ தரும் மதிப்பீடு.

1843இல் இரண்டாம் பெட்ரோ மன்னருக்கு மனைவியாகத் தெரேசா கிறிஸ்தினா கப்பலில் வந்தார். இளவரசியின் கால் அந்தக் கற்களில் படக்கூடாது. அவற்றின் மேலே புதிய கற்களைப் பரப்பி, 'பேரரசியின் துறை' என்று பெயரும் வைத்தார்கள். 1911இல் நகரைப் புதுப்பித்தபோது அதுவும் மண்ணுக்குள் போனது. 2011இல், துறைமுகப் பகுதியை மீண்டும் புதுப்பிக்கத் தோண்டியபோது இரண்டு அடுக்குகளும் வெளியே வந்தன. இப்போது இரண்டையுமே பார்க்கலாம்: கீழே அடிமைகள் மிதித்த கல், மேலே அதை மறைத்த கல்.

கற்கள் மட்டுமா மறைக்கப்பட்டன? பிரேசிலில் அடிமைமுறை 1888இல்தான் ஒழிந்தது. 1890 டிசம்பரில் நிதியமைச்சர் ருய் பார்போசா அடிமைமுறை தொடர்பான அரசாங்க ஆவணங்களை எரிக்க உத்தரவிட்டார். பழைய எசமானர்கள் நட்டஈடு கேட்டு வராமல் தடுப்பதற்காகவே அப்படிச் செய்தார் என்று சொல்வோர் உண்டு. காரணம் எதுவானாலும், காகிதம் போன இடத்தில் கல் பேச வேண்டியதாயிற்று.

பிரேசிலில் ஒரு மரபிடத்தைச் சட்டப்படி காப்பதை 'தொம்பார்' என்கிறார்கள். 'தொம்பு' ஏட்டில் பதிவது என்று பொருள். லிஸ்பனில் அரச ஆவணங்கள் இருந்த கோபுரத்துக்கே தொம்பு கோபுரம் என்றுதான் பெயர். இதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். யாழ்ப்பாணத்தில் எல்லைச் சண்டை வந்தால் என் அப்பப்பா, "தோம்பைப் பாருங்கோ" என்பார். போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் எங்கள் காணிகளை எழுதி வைத்த அதே ஏட்டின் பெயர்!

பிரேசிலின் சட்டம் 1937 நவம்பர் 30இல் வந்தது. நான்கு தோம்புகளைத் திறந்தார்கள். முதலாவதில் தொல்லியல், இனவரைவியல், நிலக்காட்சி. மற்றவற்றில் வரலாறு, நுண்கலை, பயன்கலை. இயற்கைக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் முதல் பல ஆண்டுகளில் ஏறியவை பெரும்பாலும் தேவாலயங்கள், கோட்டைகள், பிரபுக்களின் மாளிகைகள். தங்கச் சுரங்க நகரமான ஓரோ பிரேத்தோ 1980இல் பிரேசிலின் முதல் உலக மரபிடமானது. அந்தத் தங்கத்தை அகழ்ந்தவர்கள் அடிமைகள். அங்கே புனித பிரான்சிஸ் தேவாலயத்தை வடிவமைத்த சிற்பி அலெஜாதிஞ்ஞோவின் தாயும் ஓர் அடிமைப் பெண். கட்டடம் ஏட்டில் ஏறியது, கைகள் ஏறவில்லை.

1984இல்தான் ஒரு மாற்றம் வந்தது. சால்வடோர் நகரில் ஆப்பிரிக்க வழிவந்தோர் கந்தோம்பிளே வழிபாடு செய்யும் 'காசா பிராங்கா' என்ற தலத்தைப் பதிய வேண்டும் என்று மானிடவியலாளர் ஜில்பெர்த்தோ வெலியோ வாதாடினார். பெரிய கட்டடம் ஒன்றும் இல்லாத நிலத்தை எப்படிப் பதிவது என்று ஆலோசனைக் குழுவிலேயே எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் அங்கிருந்த மரங்களையும் சேர்த்தே பதிந்தார்கள். அதையடுத்து, 17ஆம் நூற்றாண்டில் தப்பியோடிய அடிமைகள் பால்மாரெஸ் என்ற குடியிருப்பை அமைத்து வாழ்ந்த பாரிகா மலையும் ஏறியது. ஒரு மலையும் சில மரங்களும் வரலாறு ஆவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

தோம்பில் ஏறிவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. அதே 'தொம்பார்' என்ற சொல்லுக்கு விழுவது, வீழ்த்துவது என்றும் பொருள் உண்டு. ரியோவின் தேசிய அருங்காட்சியகம் இருந்த அரண்மனை 1938இலேயே பதியப்பட்டது. 2018 செப்டம்பர் 2ஆம் திகதி இரவு அது எரிந்தது.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டே நின்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்கட ஊர் எந்தத் தோம்பில இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒல்லாந்தர் எழுதினதில இருக்கலாம். அதுக்குப் பிறகு நடந்ததை ஒருத்தரும் எழுதேல்ல."

அன்றிரவு விடுதி அறையில் ஒரு தாளை எடுத்து எங்கள் ஊர்க் காணிகளின் பெயர்களை எழுதத் தொடங்கினேன். பதினொன்று வந்தன. குளத்தடிக்குப் பக்கத்துக் காணியின் பெயர் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதற்கு ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.