உளவள ஆலோசனை நாடும் மனப்பாங்கு

மனச்சிக்கலுக்கு ஆலோசகரை அணுக ஒருவருக்குள்ள விருப்பம். இதை அளக்க ஃபிஷர், டர்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970-இல் ஓர் அளவுகோல் அமைத்தனர். புதியதை ஏற்கும் மனமும் பிறரோடு இசைந்துபோகும் இயல்பும் உள்ளவர்கள் பொதுவாக உதவி கேட்கத் தயங்குவதில்லை. துயரை மறைத்தே பழகியவர்களுக்குத் தேவை மிகுதி, கேட்கும் மனமோ குறைவு; ஆலோசனை மையங்களுக்கு இதுவே பெரிய தலைவலி.

இந்தியாவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ. 1998-இல் மாணவர்களுக்குத் தேர்வுக்காலத் தொலைபேசி ஆலோசனையைத் தொடங்கியது. முகம் காட்டாமல் பேசலாம் என்பது கூச்ச சுபாவிகளுக்கு வசதி. டெல்லி ஐ.ஐ.டி. மாணவர் இருவர் 2023-இல் இறந்தது குறித்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் மாணவர் மனநலம் குறித்த தேசியப் பணிக்குழுவை அமைத்தது. நாடு தழுவிய டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலும் பேசலாம்.