அழியா நினைவகக் கோப்பு முறைமை

மின்சாரம் நின்று கருவி மறுபடி இயங்கும்போதும் தரவு கலையாதிருக்க, சுழலும் வட்டின் துணையின்றி நினைவகச் சில்லுக்குள்ளேயே கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை அழியா நினைவகக் கோப்பு முறைமை எனப்படும். கைப்பேசி, இணைய ரூட்டர், அடையாள அட்டை ஆகிய உட்பொதி கருவிகள் இதை நம்பியே இயங்குகின்றன. கோலாலம்பூரின் செந்தூல் தீமோர் எல்ஆர்டி நிலைய வாயிலில் நாம் தொடும் டச் என் கோ கட்டண அட்டையில் பேட்டரி கிடையாது. வாயிலின் மின்காந்தப் புலத்தில் கணநேரம் விழித்து, கை விலகியதும் அணைந்துவிடும். ஒவ்வொரு தொடுதலும் அதற்கு ஒரு மறுதொடக்கமே.

தோற்றம்

1950களின் கணினிகளில் இருந்த காந்த வளைய நினைவகம் மின்சாரம் போனாலும் தரவை இழக்கவில்லை. 1970களில் மலிவாக வந்த குறைகடத்தி ரேம் அந்தக் குணத்தை இழந்திருந்தது. இந்தக் குறையை நீக்கும் முயற்சிகளே இத்துறையின் வரலாறு. 1971இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் புற ஊதா ஒளியால் அழித்துத் திரும்ப எழுதக்கூடிய சில்லை உருவாக்கினார். அந்தப் பத்தாண்டின் இறுதியில், மின்னழுத்தத்தாலேயே அழித்தெழுதும் ஈப்ரோம் வந்தது. 1984இல் தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோக்கா ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார்.

அட்டைக்குள் கோப்புகள்

சில்லு அட்டைக்கான காப்புரிமையை 1974இல் பிரான்சின் ரோலன் மொரேனோ பதிவு செய்தார். 1995இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 7816-4 தரநிலை, அட்டையின் நினைவகத்தை ஒரு மரம்போல வகுத்தது: வேரில் முதன்மைக் கோப்பு, அதன் கீழ் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் ஓர் உட்பிரிவு, அவற்றில் தரவுக் கோப்புகள். எதை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற விதியும் கோப்போடு சேர்ந்தே இருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

டச் என் கோ 1997இல் டோல் சாவடிகளில் அறிமுகமாகி, பின்னர் ரயில் வாயில்களுக்கும் வந்தது. அது ஏற்ற மைஃபேர் கிளாசிக் தொழில்நுட்பத்தின் 1கே சில்லில் 1,024 பைட் ஈப்ரோம் உண்டு. அந்த நினைவகம் 16 பகுதிகளாகவும், ஒவ்வொரு பகுதியும் 16 பைட் கொண்ட 4 தொகுதிகளாகவும் பிரியும்.

மலேசியாவின் சில்லு அடையாள அட்டையான மைகாட் 2001 செப்டம்பர் 5ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கியது. முதலில் 32 கிலோபைட்டாக இருந்த ஈப்ரோம், 2002இல் 64 கிலோபைட்டாக உயர்ந்தது. பெயர், முகவரி, நிழற்படம், இரு கட்டைவிரல்களின் ரேகை ஆகியவை அந்தச் சிறிய இடத்தில் அடங்கின. நாம் 'ஐசி' என்று சட்டைப்பையில் வைத்திருப்பது ஒரு முழுக் கோப்பு முறைமை.

பாதியில் நின்ற எழுத்து

தரவு எழுதப்படும்போதே அட்டை விலகிவிட்டால், பழைய தொகையும் இன்றி, புதியதும் இன்றிப் போகலாம். மைஃபேர் சில்லில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. மதிப்புத் தொகுதியில் ஒரே தொகை மூன்று முறை பதிவாகிறது: இரண்டு நேராக, ஒன்று பிட்டுகள் தலைகீழாக. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பதிவு பழுதென்று தெரிந்துவிடும்.

ஃபிளாஷ் கோப்பு முறைமைகள் வேறு வழி கண்டன. 1999இல் சுவீடனின் ஆக்சிஸ் கம்யூனிகேஷன்ஸ் உருவாக்கிய ஜேஎஃப்எஃப்எஸ், பழையதன்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிக்கொண்டே போகும். எழுத்து பாதியில் நின்றாலும் முந்தைய பதிவு மிஞ்சும். 2001இல் ஜேஎஃப்எஃப்எஸ்2, 2002இல் யாஃப்ஸ், 2008இல் யுபிஐஎஃப்எஸ் ஆகியவை தொடர்ந்து வந்தன.

ரேமையே நிலைக்களமாக்கும் முயற்சியும் உண்டு. மின்சாரம் அறாமல் கருவி மறுதொடக்கமானால் ரேமில் உள்ளது பெரும்பாலும் தங்கியிருக்கும். இதைக்கொண்டு, செயலிழந்த லினக்ஸ் கருவியின் கடைசிச் செய்திகளை மறுதொடக்கத்துக்குப் பின் மீட்டுத் தருகிறது 2011இல் லினக்ஸில் சேர்ந்த பிஸ்டோர் வசதி. அதன் ரேம் பிரிவு 2012இல் இணைந்தது.

மதிப்பீடு

2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைஃபேர் கிளாசிக்கின் மறையாக்கத்தை உடைத்துக் காட்டினர். தரவை அழியாமல் வைப்பதும் அயலார் கையிலிருந்து காப்பதும் வெவ்வேறு கடமைகள் என்பதை அது உணர்த்தியது. சில்லின் மின்னூட்டம் மட்டும் நினைவைக் காப்பதில்லை. எந்த நொடியில் மின்சாரம் போனாலும் ஒரு முழுமையான பதிவு மிஞ்சும்படி எழுதும் ஒழுங்கே அதைக் காக்கிறது.