உலைக்களத்திற்குச் சென்ற தத்துவஞானி

அருள்மறையாம் திருக்குர்ஆனில் இரும்பின் பெயரையே தாங்கிய அத்தியாயம் ஒன்றுண்டு. தாவூது நபி (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை இளகச் செய்து, கவசம் செய்யும் கலையை அருளிய செய்தியை ஸபஃ அத்தியாயம் கூறுகின்றது. மக்கமா நகரில் வாளடித்து வாழ்ந்த கொல்லர் ஒருவர், இஸ்லாத்தை முதன்முதலில் தழுவிய சிலருள் ஒருவரானார். அவரே கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்கள். ஈமானைத் துறந்தாலன்றி வேலைக்குரிய கூலியைத் தரமாட்டேன் என்று ஆஸ் இப்னு வாயில் அவர்களிடம் கூறியதும், அதனையொட்டி மர்யம் அத்தியாயத்தின் வசனங்கள் இறங்கியதும் ஹதீஸ் நூல்களில் காணப்படும் செய்திகளாகும். இத்தகைய மார்க்கத்தில் வளர்ந்த அறிஞர்கள் உலைக்களத்தை இழிவாக எண்ணவில்லை என்பதில் வியப்பில்லை.

இன்று காட்டுப் பயணத்திற்கும் கடற்பயணத்திற்கும் உதவும் கத்தியைத் தம் கையாலேயே செய்து பார்க்க விழையும் இளைஞர்கள் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் முதலில் எழுப்பும் வினா, "எந்த இரும்பை எடுப்பது?" என்பதே. இவ்வினாவை ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பி, அதற்கு விடையாக ஒரு நூலும் யாத்தவர், அரபியரின் தத்துவஞானி எனப் புகழப்பெறும் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தீ ஆவார். கலீஃபா முஃதஸிம் (ஆட்சி 833–842) அவர்களுக்காக அவர் எழுதிய அந்நூல், வாள்களையும் அவற்றின் வகைகளையும் பற்றியது.

கிந்தீ இரும்பை முதலில் இரண்டாகப் பகுக்கின்றார்: சுரங்கத்திலிருந்து கிடைப்பது ஒன்று, மனிதன் ஆக்கிக்கொள்வது மற்றொன்று. சுரங்க இரும்பிலும் இரு வகையுண்டு. 'ஷாபுர்கான்' கடினமானது, தோய்ச்சலை ஏற்கும். 'நர்மாஹன்' மென்மையானது, தோய்ச்சலை ஏற்காது. மனிதன் ஆக்கிக்கொள்ளும் இரும்பே 'ஃபூலாத்' என்னும் எஃகு. இனி, வாளின் மேற்பரப்பில் நீரலைபோல் ஓடும் வரிகளை 'ஃபிரிந்த்' என்று சுட்டி, அவ்வரிகளைக் கொண்டு வாளின் பிறப்பிடத்தை அறியும் வகையையும் விளக்குகின்றார். ஏட்டை மட்டும் பார்த்து எழுதியவரால் இவ்வாறு எழுத இயலாது. உலையின் வெப்பத்தருகே நின்று, கொல்லரிடம் கேட்டறிந்தவரின் எழுத்தைப் போலவே இது தோன்றுகின்றது.

அந்நூலில் நம் நெஞ்சைத் தொடும் இரு பெயர்கள் உள்ளன: ஹிந்த், ஸரந்தீப். இந்திய வாள்களைச் சிறந்தவற்றுள் ஒன்றாக வைத்த கிந்தீ, இலங்கை எஃகால் பிற நாடுகளில் அடிக்கப்பெற்ற வாள்களையும் குறிப்பிடுகின்றார். 'முஹன்னத்' என்ற அரபுச் சொல்லுக்கே இந்திய வாள் என்பது பொருள். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் தம் புகழ்பெற்ற கஸீதாவில் பெருமானார் (ஸல்) அவர்களைப் போற்ற இச்சொல்லையே ஆண்டார்கள்.

நிலமும் இதற்குச் சான்று பகர்கின்றது. சென்னிமலைக்கு அண்மையில் நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அகழாய்வில், பண்டைய இரும்புத் தொழிலின் உலை எச்சங்கள் வெளிப்பட்டன. இலங்கையின் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு எஃகு விளைத்த மலைச்சரிவு உலைகளைப் பற்றி கில் ஜூலெஃப் 1996இல் எழுதினார். அவற்றின் காலம் கி.பி. 7 முதல் 11 வரையான நூற்றாண்டுகள். கிந்தீ வாழ்ந்த காலம் அதனுள் அடங்குதல் காண்க.

நம் கொல்லர் கையாண்ட முறை எளியதாகத் தோன்றும், ஆனால் நுட்பமானது. இரும்புத் துண்டுகளை மரக்கட்டைச் சிராய், இலை முதலியவற்றோடு மண்மூசையில் இட்டு, வாயை மூடி, நெடுநேரம் உலையில் வைப்பர். கரி இரும்புக்குள் ஏறி, நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு கார்பன் கொண்ட எஃகுக் கட்டி உருவாகும். ஐரோப்பியக் கொல்லர் சிலர் இதனைத் தம் வழக்கப்படி மிகையாகக் காய்ச்சி அடித்தபோது, அது நொறுங்கிப் போயிற்று. கொல்லரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடேயும் 1819 தொடங்கிச் சில ஆண்டுகள் இதனை ஆராய்ந்தார். ஆயின் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வரியோடும் வாளை அடிக்கும் கலையே அற்றுப்போயிற்று.

ஏன் அற்றது? கிந்தீ வாளைப் பற்றி எழுதினார். ஆனால் மூசை வைத்த நம் கொல்லரின் அறிவோ தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குச் சென்றதேயன்றி ஏட்டிற்கு ஏறவில்லை. எழுதத் தெரிந்தவர் உலையருகே செல்லவில்லை. உலையருகே இருந்தவர்க்கு எழுத்து வாய்க்கவில்லை. கை ஓய்ந்தபோது கலையும் ஓய்ந்தது. அதனை மீட்டதும் இவ்விரண்டின் கூட்டுறவே. அமெரிக்காவில் வெர்ஹோவன் என்ற உலோகவியற் பேராசிரியரும், பெண்ட்ரே என்ற கத்திக் கொல்லரும் பல்லாண்டுகள் இணைந்து உழைத்து, அவ்வரிகளை மீண்டும் தோற்றுவித்தனர். தாதுவில் மிகச் சிறிதளவே கலந்திருந்த வனேடியம் போன்ற உலோகங்களே வரிகளுக்குக் காரணம் என்றும், அத்தகைய தாது கிடைக்காமற்போனதும் கலை அழிந்ததற்கு ஒரு காரணமாகலாம் என்றும் 1998இல் அவர்கள் எழுதினர்.

புதிதாகக் கற்பவர்க்கும் வழி இதுவே. பழைய வாகனத்தின் வில்பட்டை எஃகு தோய்ச்சலை ஏற்கும். கட்டடக் கம்பியோ பெரும்பாலும் ஏற்காது. கிந்தீ செய்த பகுப்பின் பயன் இதுவன்றோ! அலகு நான்கைந்து அங்குலம் போதும். அலகின் எஃகே பிடியின் கடைசிவரை ஓடுதல் வேண்டும். அரத்தால் உருவாக்கியபின், காந்தம் ஒட்டாத அளவிற்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்பொழுது அது கண்ணாடிபோல் உடையும் தன்மையுடையது. ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் மீண்டும் இளஞ்சூடு காட்டினால்தான் கடினத்தோடு உறுதியும் சேரும். எண்ணெயில் தீப்பற்றக்கூடும், ஆதலின் இதனைத் தேர்ந்த கொல்லரின் பட்டறையில், அவர் கண்முன் செய்தலே முறை.

நம் ஊர்களில் கொல்லுலைகள் அருகி வருகின்றன. எஞ்சிய பட்டறைக்கு நம் பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச் செல்வோம். அவர்கள் கையில் ஓர் அரமும் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். கொல்லர் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். எழுதியதைச் செய்து பார்க்கட்டும். பக்தாதின் பேரறிஞர் ஏட்டில் ஏற்றிப் போற்றிய ஹிந்தின் எஃகு, அதனை விளைத்த மண்ணிலேனும் மறக்கப்படாதிருக்கட்டும்.