சர்க்கரைக் கரைசலும் வினைவேகவியலின் தொடக்கமும்

ஒரு வேதிவினை எவ்வளவு விரைவாக நிகழ்கிறது, அந்த வேகம் எவற்றைப் பொறுத்து மாறுகிறது என்று ஆராயும் பிரிவு வேதி வினைவேகவியல் எனப்படும். இத்துறை கரும்புச் சர்க்கரையில் தொடங்கியது. செருமானிய அறிஞர் லுட்விக் வில்ஹெல்மி (1812–1864) 1850ஆம் ஆண்டில் ஒரு வினையின் வேகத்தை அளந்து, அதைக் கணிதச் சமன்பாடாகவும் எழுதினார். இதுவே வினைவேகவியலின் முதல் அளவறி ஆய்வாகக் கருதப்படுகிறது.

வில்ஹெல்மியின் சோதனை

சர்க்கரைக் கரைசல் தள முனைவுற்ற ஒளியை வலப்புறம் சுழற்றும். அமிலம் சேர்த்தால் சர்க்கரை நீருடன் வினைபுரிந்து குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிகிறது. பிரக்டோசின் இடஞ்சுழற்சி வலிமையானது. ஆகவே சுழற்சிக் கோணம் படிப்படியாகக் குறைந்து, முடிவில் இடப்புறம் திரும்பிவிடும். இம்மாற்றத்துக்கு ‘எதிர்மாற்றம்’ என்று பெயர். கோணத்தை அவ்வப்போது குறித்து வந்தாலே, வினையைக் கலைக்காமல் மீதமுள்ள சர்க்கரையின் அளவை அறியலாம்.

ஒவ்வொரு கணத்திலும் வினையின் வேகம் அக்கணத்தில் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதை வில்ஹெல்மி கண்டார். சர்க்கரை பாதியாகக் குறைய ஒரு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். மீதிப் பாதி அடுத்த ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடாது. அதிலும் பாதியே குறையும். நீரும் வினையில் பங்கேற்கிறது. ஆனால் அது மிகுதியாக இருப்பதால் அதன் செறிவு ஏறத்தாழ மாறுவதில்லை. எனவே இன்றைய பாடநூல்கள் இதனைப் போலி முதல் வகை வினை என்கின்றன.

கவனிக்கப்படாத ஆய்வு

இவ்வாய்வை அக்கால வேதியியலாளர் பெரிதாகக் கொள்ளவில்லை. எப்பொருள் உருவாகிறது என்பதே அவர்களின் முதன்மையான கேள்வியாக இருந்தது. எவ்வளவு நேரத்தில் என்பது அன்று. 1864இல் நார்வேயின் குல்ட்பர்க்கும் வாகேயும் நிறைதாக்க விதியை வெளியிட்டனர். வில்ஹெல்மி காலமானதும் அதே ஆண்டில்தான். அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பின்னர், 1884இல், வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டு அவருடைய கட்டுரையை அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வான்ட் ஹாஃப் வினைவேகம் குறித்த தம் நூலை வெளியிட்டதும் அந்த ஆண்டே.

மீண்டும் அதே சர்க்கரை

1889இல் சுவீடனின் அரீனியசு வெப்பநிலையின் விளைவை விளக்க இதே எதிர்மாற்ற வினையை எடுத்துக்கொண்டார். அறைவெப்பநிலையில் 10 பாகை உயர்ந்தால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் சுமார் 2 விழுக்காடே கூடும். ஆனால் பல வினைகளின் வேகம் இரு மடங்குக்கு மேலும் உயர்கிறது. போதிய ஆற்றல் பெற்ற மூலக்கூறுகள் மட்டுமே வினைபுரிகின்றன என்பது அவர் தந்த விளக்கம். கிளர்வு ஆற்றல் என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்தது.

1913இல் மைக்கேலிசும் மாட் மென்டனும் அமிலத்துக்குப் பதிலாக இன்வர்டேசு என்னும் நொதியைப் பயன்படுத்தி, ஒளிச்சுழற்சி முறையிலேயே வேகத்தை அளந்தனர். நொதிவினைகளின் அடிப்படைச் சமன்பாடு இவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. அரீனியசு சமன்பாட்டுக்கும் அவ்வாறே. வில்ஹெல்மியின் பெயரில் மட்டும் வினைவேகச் சமன்பாடு எதுவும் இல்லை. எனினும் முதல் வகை வினையின் கணக்கை மாணவர் ஒருவர் போடும்போதெல்லாம், அவர் கையாள்வது 1850இல் வில்ஹெல்மி எழுதிய விதியையே.